அந்தக் குணசேகரன் வேற, இந்தக் குணசேகரன் வேற!

நாயகரோ நாயகியோ பாதியில் போய்விட்டால், சீரியலை வீட்டு மனிதர்களோடு சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு என்ன ஆகிறது? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை முற்பகல். ராஜபாளையத்துக்குத் தெற்கே தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நைட்டிக்குப் பேர்போன ஊர் அது. வெட்டிய துணி ஒரு பக்கமும் தைத்து முடித்தவை ஒரு பக்கமுமாகக் குவிந்து கிடக்க, கால் மிதியிலும் கண் ஊசியிலும் இருக்கிற நேரம். அப்போதுதான் ஒவ்வொரு செல்போனாக அந்தச் செய்தி வந்து விழுந்தது: 'எதிர்நீச்சல்' குணசேகரன் இறந்துவிட்டார்.

"கதையிலயா?" என்பதுதான் முதலில் எழுந்த கேள்வி. "நேத்து ராத்திரிகூடப் பாத்தமே!" என்பது அடுத்தது. டி.வி.யைப் போட்டு, செய்தியில் ஓடிய படத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். 'நாசமாப் போறவன்' என்று முந்தின இரவு ஏசியவர்களே, "சாகுற வயசா அவருக்கு?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சென்னையில் அன்று காலை அந்தச் சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நடிகர் ஜி.மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குப் போயும் பிழைக்கவில்லை. முன்பே எடுத்து வைத்திருந்த காட்சிகளில் அதன் பிறகும் சில நாள் அவர் வந்துபோனார். இறந்துபோன ஒருவர் நடுக்கூடத்தில் நின்று மருமகள்களை அதட்டுவதை இந்த ஊர்ப் பெண்கள் அழுதுகொண்டே பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தலைகுனிந்து கேட்கும் சீரியல்

இந்த வட்டாரத்தில் சீரியல் பார்க்கிற விதமே தனி. தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர்ப் பக்கம் தையல் வேலை. ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். ராஜபாளையத்தில் நூற்பாலைகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தறியும் உண்டு, பால்கோவா கிண்டும் அடுப்பும் உண்டு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து டி.வி. பார்க்க வாய்த்தவர்கள் இங்கே குறைவு.

தைக்கிறவர் தலைநிமிர முடியாது. நிமிர்ந்தால் தையல் கோணிவிடும். அவருக்குச் சீரியல் என்பது குரல்தான். யார் கோபமாக இருக்கிறார், யார் பொய் சொல்கிறார் என்பதெல்லாம் காதிலேயே தெரிந்துவிடும். தறி ஓடும் வீட்டில் கதை நேர்மாறு. அந்தச் சத்தத்தில் வசனம் பாதிகூடக் காதில் விழாது. அங்கே முகம்தான் கதை. புருவம் ஏறுவதையும் உதடு கோணுவதையும் வைத்தே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆகவே ஒரு நடிகர் போனால், ஒரு வீட்டில் குரல் போகிறது, இன்னொரு வீட்டில் முகம் போகிறது. 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையின் அடியில் ஒரு வரி ஓட்டிவிட்டால் முடிந்தது என்று சேனல்காரர்கள் நினைப்பது இங்கேதான் தவறுகிறது. தைக்கிறவர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. குரல் மாறியதும் சட்டென்று தலையைத் தூக்குகிறார். பல மாதமாகத் தூக்காத தலை!

மலைக்கு அந்தப் பக்கத்து மனிதர்

மாரிமுத்து இந்த ஊர்க்காரர்களுக்கு அந்நியர் அல்ல. தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கத்தில் பசுமலைத்தேரி அவர் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். 2021-ல் இந்தக் காடுகளை எல்லாம் சேர்த்துத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. ஒரே மலையின் இரு சரிவுகள். பேச்சும் பெரிதாக மாறாது.

சினிமாவில் உதவி இயக்குநராகப் பல காலம் இருந்து, 2008-ல் 'கண்ணும் கண்ணும்', 2014-ல் 'புலிவால்' படங்களை இயக்கியவர் மாரிமுத்து. 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகியின் அப்பாவாக வந்து, கத்திப் பேசாமலே மனதில் நின்றார். ஆனால், அவர் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு போனது 2022 பிப்ரவரியில் சன் டி.வி.யில் தொடங்கிய 'எதிர்நீச்சல்'தான். மதுரையில் நடக்கும் கதை. படித்த மருமகள்களைச் சமையலறையைத் தாண்ட விடாத மூத்தவர் ஆதிகுணசேகரன். 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் இதற்கும் இயக்குநர்.

ஜனனிதான் கதாநாயகி. ஆனால் ஒன்பதரை மணிக்கு மக்கள் காத்திருந்தது குணசேகரனுக்கு. "இந்தாம்மா ஏய்!" என்று அவர் விளிக்கும் விளிப்பு தெருவில் விளையாடும் பிள்ளைகள் வாய்வரை வந்துவிட்டது. 2023-ல் பல வாரம் தமிழ்ச் சீரியல்களில் முதலிடத்தில் இருந்தது 'எதிர்நீச்சல்'.

ஒரு வில்லனை இவ்வளவு பேர் ஏன் விரும்பினார்கள்? இந்த வட்டாரத்தில் மாமனாரையோ மூத்த கொழுந்தனையோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஆயுளைக் கழித்த பெண்கள் ஏராளம். நிஜத்தில் ஏச முடியாதவரை டி.வி.யில் ஏசலாம். மாரிமுத்து அதற்கு இடம் கொடுத்தார். அதட்டுவார், அடுத்த நிமிடமே அசடு வழிவார், கணக்குப் போட்டு அந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொள்வார். கொடுமைக்காரரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அவர் காட்டியதுதான் அவருடைய பெரிய சாதனை என்று நினைக்கிறேன். வெறும் நடிப்புத் திறமை என்று சொல்லி அதைக் கடந்துவிட முடியாது.

பெட்டிச் செய்தி: ஆள் மாறிய கதைகள்

● சித்தி 2 (சன் டி.வி.): 2020 ஜனவரியில் தொடங்கியது. 1999-ல் வந்த 'சித்தி'யின் பெயரைத் தாங்கிய தொடரிலிருந்தே, தேர்தல் நெருங்கிய 2021 தொடக்கத்தில் ராதிகா சரத்குமார் அரசியல் பணிக்காக விலகினார்.

● செம்பருத்தி (ஜீ தமிழ்): 2017-ல் தொடங்கியது. ஆதியாக நடித்த கார்த்திக் ராஜ் 2020 கடைசியில் விலக, அக்னி வந்தார். அதே சேனலில் 2022 டிசம்பரில் 'கார்த்திகை தீபம்' மூலம் கார்த்திக் ராஜ் திரும்பினார்.

● பாரதி கண்ணம்மா (விஜய் டி.வி.): கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்ரியன் 2021-ல் விலக, வினுஷா தேவி வந்தார்.

● ராஜா ராணி 2 (விஜய் டி.வி.): குழந்தைப்பேற்றுக்காக 2022-ல் ஆல்யா மானசா விலகினார்.

● எதிர்நீச்சல் தொடர்கிறது (சன் டி.வி.): 2024 டிசம்பரில் தொடங்கிய இரண்டாம் பாகத்தில், முன்பு ஜனனியாக நடித்த மதுமிதா இல்லை. அந்த இடத்துக்குப் பார்வதி வந்தார். மதுமிதா விஜய் டி.வி.யின் 'அய்யனார் துணை'யில் நிலாவானார்.

பழியைச் சுமக்க வந்தவர்

மாரிமுத்து இறந்தபின் சில வாரம் குணசேகரன் இல்லாமலே கதை நகர்ந்தது. அந்த வாரங்களில், புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயில் படியில் வரிசையில் நின்றவர்கள்கூடப் பேசியது இதைத்தான்: அடுத்து யார்?

அக்டோபரில் வந்தவர் வேல ராமமூர்த்தி. ராமநாதபுரம் மாவட்டம் பெருநாழிக்காரர். 'குற்றப் பரம்பரை', 'பட்டத்து யானை' நாவல்களை எழுதிய எழுத்தாளர். சினிமாவிலும் அழுத்தமான வேடங்களில் நிலைத்தவர். தேர்வில் குறை சொல்ல முடியாது. தென்மாவட்டப் பேச்சு அவருக்குப் பிறப்பிலேயே வந்தது. கம்பீரத்துக்கும் குறைவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அத்தை 'எதிர்நீச்சல்' ஒரு நாள் விடாதவர். அவரிடம், "ஏன் அத்தே, இவரும் நல்லாத்தானே நடிக்கிறாரு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் நடிக்கிறாக, யாரு இல்லேன்னா? ஆனா அந்தக் குணசேகரன் வேற, இந்தக் குணசேகரன் வேற. அவரு மொறைச்சா சிரிப்பு வரும், சிரிச்சுக்கிட்டே திட்டலாம். இவுக மொறைச்சாப் பயமால்ல இருக்கு!"

எந்த விமர்சகரும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. தவறு வேல ராமமூர்த்தியுடையது அல்ல. மாரிமுத்துவுக்காக எழுதிய வசனத்தையும் அவருடைய விளிப்பையும் நடையையும் அப்படியே இன்னொருவர் தலையில் ஏற்றி வைத்தார்களே, அதுதான் தவறு. ஆள் மாறியபோது பாத்திரத்தையும் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்க வேண்டும். காணாமல் போய்த் திரும்பிய மனிதர் முன்புபோல இருக்க மாட்டார் என்று கதையிலேயே ஒரு காரணம் வைத்திருக்கலாம். பார்க்கிறவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக, இரவுதோறும் ஒரு மூத்த எழுத்தாளரை இறந்துபோன நடிகர் ஒருவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஆயிற்று.

முதலிடம் கைவிட்டுப் போனது. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. மாரிமுத்து போய் ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.

இறப்பு, விலகல், விலக்கல்

எல்லாப் பிரிவும் ஒன்றல்ல. இதை ரசிகர்கள் நன்றாகவே பிரித்துப் பார்க்கிறார்கள்.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்த சித்ராவின் மரணம் 2020 டிசம்பர் 9-ல் நடந்தது. மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளின் கதை அது. சிறு கடைகள் நிறைந்த இந்த ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' குடும்பத்தைக் காட்ட முடியும். முல்லை பல வீடுகளுக்கு இளைய மருமகள். அந்த இடத்துக்கு வந்த காவ்யா அறிவுமணியை முதலில் ஏற்காதவர்கள்கூட, ஏசக் கூசினார்கள். இறந்தவர் இடத்தை நிரப்ப வந்த பெண்ணை என்ன சொல்வது? 2022-ல் காவ்யாவும் விலகி லாவண்யா வந்தார். ஒரே முல்லைக்கு மூன்று முகம். 2023 அக்டோபரில் தொடர் முடியும்வரை பலர் முதல் முல்லையின் பழைய காட்சிகளையே செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணம்மா விஷயம் வேறு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு நடந்துகொண்டே இருந்தாளே, அந்தக் கண்ணம்மாவை ஊரே கேலியும் செய்தது, நேசிக்கவும் செய்தது. ரோஷினி சினிமாவுக்காகப் போனார். 2022-ல் 'குக்கு வித் கோமாளி'யிலும், பிறகு 'கருடன்' படத்திலும் வந்தார். 'போய் நல்லா வரட்டும்' என்ற வாழ்த்தும், 'நம்மளப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாளே' என்ற வருத்தமும் ஒரே வாயில் வந்தன. பாதியில் விட்டுப் போவது கண்ணம்மாவின் கதைதான். அதை நடித்தவரே அப்படிப் போனதில் அந்த வருத்தத்துக்கு ஒரு கூர்மை கூடிவிட்டது.

மூன்றாவது வகைதான் கொடுமை. சம்பளத் தகராறா, தேதிப் பிரச்னையா, சேனலுக்கே பிடிக்காமல் போனதா என்று எதுவும் சொல்லாமல், திங்கட்கிழமை ஒரு முகமும் செவ்வாய்க்கிழமை வேறு முகமுமாகக் காட்டுவது. 2020 ஊரடங்குக்குப் பிறகு, வெளிமாநிலத்திலிருந்து வந்து நடித்தவர்கள் திரும்பி வர முடியாமல் பல தொடர்களில் இப்படி நடந்தது. அப்போதாவது காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. மற்ற நேரங்களில் வதந்திதான் காரணமாகிறது. பெரும்பாலும் அந்த வதந்தி விலகிய நடிகையின் பெயரைத்தான் கெடுக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு, மாதத்தில் பாதி நாளுக்கு மேல் படப்பிடிப்பு என்று உழைத்தவர் அவர் என்பது அப்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

வள்ளி மாறினால் கேட்காதவர்கள்

இதே ஊர் மக்கள் ஒரு காலத்தில் ஆள் மாறுவதைப் பற்றிக் கவலையே படவில்லை. ஊர்க் கொடையிலும் பொங்கலிலும் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்கள் இவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த 'வள்ளி திருமணம்' போன வருடம் நடந்திருக்கும், இந்த வருடமும் நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். அன்றைக்கு மேடையில்தான் இருவரும் முதல்முறை சந்திப்பதும் உண்டு. யார் வள்ளியாக வந்தாலும் வள்ளிதான். 'போன தடவை வந்தவதான் வேணும்' என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. அதற்காக நாடகத்தை வெறுத்தவர் இல்லை.

அங்கே பாத்திரம் பார்க்கிறவருக்குச் சொந்தம். வள்ளியை அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சீரியலில் முல்லையையும் குணசேகரனையும் நடிகர் வழியாக மட்டுமே தெரியும். தவிர, வள்ளி ஒரு ராத்திரி. குணசேகரன் வாரத்துக்கு ஆறு நாள், வருடக்கணக்கில், சோற்றுத் தட்டுக்கு எதிரே. 2006-ல் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. ஊர் கூடிப் பார்த்த கதை அதோடு வீட்டுக்குள் வந்து, வீட்டு மனிதர்களின் உறவாக மாறிவிட்டது.

மும்பையிலும் இதே கதைதான். ஸ்டார் ப்ளஸ்ஸில் 2000-ல் தொடங்கிய 'கியூன்கி சாஸ் பீ கபி பஹு தீ' தொடரில் அமர் உபாத்யாய் நடித்த மிஹிர் இறந்ததாகக் காட்டியபோது மக்கள் கொதித்தார்கள். மிஹிர் உயிரோடு திரும்பி வந்தார். பிறகு அமர் விலக, கடைசியில் ரோனித் ராய் மிஹிரானார். 2025-ல் தொடரை மீண்டும் தொடங்கியபோது துளசியாக ஸ்மிருதி இரானியோடு அழைத்து வரப்பட்டவர் அந்தப் பழைய அமர் உபாத்யாய்தான்! இங்கிலாந்தின் 'டாக்டர் ஹூ' தொடர் 1966-லேயே இதற்கு வழி கண்டது. நாயகனுக்கு உடலே மாறிவிடும் என்று கதையிலேயே வைத்துவிட்டார்கள். வருகிற நடிகர் பழையவரைப்போல நடிக்க வேண்டியதில்லை. அறுபது ஆண்டாகியும் அந்தத் தொடரின் பெயர் வாழ்கிறது.

பெட்டிச் செய்தி: எண்ணிக்கை எடுப்பது யார்?

எந்தத் தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை 'பார்க்' அமைப்பு கணிக்கிறது. நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கருவி வைத்து, வாரந்தோறும் கணக்கு வெளியிடுகிறார்கள். நாயகர் மாறிய வாரத்தில் எத்தனை வீடுகள் சேனலை மாற்றின என்பது அதில் தெரியும். ஏன் மாற்றின என்பது தெரியாது.

ராஜபாளையத்துக்காரர் வந்த விதம்

சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த ஊரோடு ஒட்டிய உதாரணம் ஒன்று உண்டு. 2017-லிருந்து ஏழு சீசன் 'பிக் பாஸ்' நடத்திய கமல்ஹாசன், 2024 ஆகஸ்ட் 6-ல் தானே அறிக்கை எழுதி, சினிமா வேலைகளால் இடைவெளி எடுத்துக்கொள்கிறேன் என்று நன்றி சொல்லி விடைபெற்றார். இரண்டு மாதம் கழித்து அந்த மேடைக்கு வந்தவர் விஜய் சேதுபதி. ராஜபாளையத்தில் பிறந்தவர். 'நம்மூருக்காரரு' என்ற பெருமை இங்கே இருந்தது. அதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் கமல்போலப் பேச முயலவில்லை. தன் பேச்சையே பேசினார். கமலை விரும்பியவர்களுக்கு ஏக்கம் இருந்திருக்கும், ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் இருந்திருக்காது.

அது நிகழ்ச்சி, இது கதை என்று வாதாடலாம். வித்தியாசம் உண்டுதான். மரியாதை ஒன்றே.

சேனல்களுக்கும் வாசகர்களுக்கும்

சீரியல் ரசிகர்களின் வருத்தத்தைக் கேலியாகப் பேசுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. 'பொம்பளைங்க பொழுதுபோகாம அழுறாங்க' என்று. நாளெல்லாம் மெஷின் மிதித்து, தறியில் நின்று, மில் ஷிப்ட் முடித்து வந்து, ராத்திரி அரைமணி நேரம் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒருவர், அதில் பழகிய முகத்தைக் காணாமல் கலங்குவது இயல்பான துக்கம். அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை கிடையாது.

சேனல்காரர்கள் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. விலகுகிறவர் உயிரோடு இருந்து, சம்மதித்தால், அந்தத் தொடரின் நேரத்திலேயே ஒரு நிமிடம் அவரைப் பேச விடுங்கள். புதிதாக வருகிறவரை அவரே அறிமுகப்படுத்தட்டும். இறந்துபோனவர் என்றால், அவருடைய காட்சிகளைத் தொகுத்து ஒரு நாள் முழுவதும் காட்டுங்கள். புதியவருக்குப் பழைய வசனத்தைக் கொடுக்காதீர்கள். கதையை எழுதுகிறவருக்கு நாலு நாள் கூடுதலாகக் கொடுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த சீரியலில் முகம் மாறினால், புதிதாக வந்த பெண்ணின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய் ஏசாதீர்கள். அவர் யார் இடத்தையும் பறிக்கவில்லை, கூப்பிட்ட வேலைக்கு வந்திருக்கிறார். உங்கள் கோபத்தை ஒரு கடிதமாக எழுதிச் சேனலுக்கு அனுப்புங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். கருவி பொருத்தாத வீடு என்பதால் உங்கள் வீடு கணக்கில் இல்லாமல் போகலாம். கேள்வி கேட்க அது தடை அல்ல.